மாமனார் அடைத்த படிப்புக் கடன்

எத்தனை வருஷம் இருப்பே?

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் என் சர்டிபிகேட்டுகளை வாங்கி மேஜை ஓரமாக வைத்துவிட்டு, "எத்தனை வருஷம் இருப்பே?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

தென்காசியில் ஒரு கமிட்டி நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. சர்க்கார் கிராண்ட் வாங்கும் எய்டட் ஸ்கூல். ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் டீச்சர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே கணக்கு எடுத்த இரண்டு பேரும் கல்யாணப் பத்திரிகையையும் ராஜினாமாக் கடிதத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர்கள். அதில் ஒருத்தி போனது பரீட்சைக்கு முந்தின மாதம்.

"பத்து வருஷம் கட்டாயம் இருப்பேன், டீச்சர்" என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. எதை வைத்துச் சொல்லுகிறாய் என்று கேட்டார்கள். கடன் இருக்கிறது என்றேன்.

என் அப்பா ராயகிரியில் விவசாயம் பார்த்தார். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்து, பி.யு.சி. ஃபீஸையும் எப்படியோ புரட்டிக் கட்டினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சர்க்காரில் கடன் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று புதிதாக வந்தது. நல்ல மார்க் வாங்கி, வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் படிக்கப் பணம் தருவார்கள். வட்டி கிடையாது. வேலைக்குப் போனபிறகு தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பா ஜாமீன் பாண்டில் கையெழுத்துப் போட்டார். நான் கட்டாவிட்டால் எங்கள் நிலத்தை ஜப்தி செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஊரில் இரண்டு பேர் வந்து, பொம்பளைப் பிள்ளை படிப்புக்கு நிலத்தை ஈடு வைப்பார்களா என்று அப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் சேர்த்துவிட்டார். பி.எஸ்ஸி.யும் ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் அந்தக் கடனில்தான் முடித்தேன்.

அந்தக் கடனில் ஒரு சலுகை இருந்தது. வாங்கினவர் வாத்தியார் வேலைக்குப் போனால், வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பத்து வருஷம் பாடம் நடத்தினால் ஒரு பைசா கட்ட வேண்டாம். நடுவில் வேலையை விட்டால் மிச்சத்தைக் கட்டியாக வேண்டும்.

எஸ்தர் டீச்சர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, "அப்போ கடன் தீருற வரைக்கும் உன்னை யாரும் அசைக்க முடியாது. நல்லதாப் போச்சு" என்று சொல்லி அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தினார்கள்.

காம்போசிட் மேத்ஸ்

அப்போது பெண் பிள்ளைகள் பள்ளிகளில் பெரும்பாலும் ஜெனரல் மேத்ஸ்தான் இருக்கும். அதைப் படித்தவர்கள் காலேஜில் சயன்ஸ் குரூப்பில் சேர முடியாது. அதற்கு காம்போசிட் மேத்ஸ் வேண்டும். அல்ஜீப்ரா, ஜாமெட்ரி எல்லாம் அதில்தான் முழுதாக வரும். தென்காசியில் பையன்களுக்கு அது இருந்தது. எங்கள் பள்ளியில் இல்லை.

நான் சேர்ந்த உடனேயே எஸ்தர் டீச்சர் காம்போசிட் மேத்ஸ் செக்ஷன் தொடங்க அனுமதி கேட்டு டி.இ.ஓ. ஆபீஸுக்கு எழுதினார்கள். அனுமதி வந்தது. ஆனால் தகுதியுள்ள டீச்சர் வேலையில் இருக்கும் வரைதான் செக்ஷன் நடக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதாவது நான் போனால் செக்ஷனை மூடிவிட வேண்டும். நடுவருஷத்தில் மூடினால் அந்தப் பிள்ளைகள் திரும்பவும் ஜெனரல் மேத்ஸுக்குப் போக வேண்டும்.

ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களைச் சேர்க்க நானும் எஸ்தர் டீச்சரும் வீடு வீடாகப் போனோம். செங்கோட்டை ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருவர், "எம் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு டீச்சர், கல்லாவில நானில்லே இருக்கேன்?" என்று கேட்டார். அவர் பேச்சில் கொஞ்சம் மலையாளம் கலந்திருக்கும். அவர் மகள் முத்துலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டும் வேண்டும் என்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காக அந்த வீட்டுக்கு மட்டும் மூன்று தடவை போனோம்.

சாரல் மாதங்களில் வகுப்பு எடுப்பது பெரிய பாடு. குற்றாலத்துக் காற்று ஜன்னல் வழியாகத் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருக்கும். ஈரம் பட்ட போர்டில் சாக்பீஸ் எழுதாது. அடுப்புக் கரியைக் காயவைத்துப் பொட்டலமாகக் கட்டி, அதைக்கொண்டு போர்டை ஒற்றி ஒற்றி எடுத்து, அப்புறம் தியரம் எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் மேல் வரி கரைந்திருக்கும். பிள்ளைகள் அதற்குள் வேகமாக எழுதப் பழகிவிட்டார்கள்.

கடைக்கு வந்த நோட்டீஸ்

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. மேலகரத்தில் வீடு. மாமனார் குற்றாலிங்கம் தென்காசியில் மலைச்சரக்கு மண்டி வைத்திருந்தார். மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், புளி எல்லாம் மொத்த வியாபாரம். சீசனில் குற்றாலத்திலும் ஒரு கடை போடுவார்கள். அதை என் வீட்டுக்காரர் சுப்பையா பார்த்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்த அன்றே அப்பா கடன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் நடத்தினால் கழிந்துபோகிற கடன்தானே, கழிக்கட்டும் என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வேலை பார்க்கும் சர்டிபிகேட்டை ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்தோடு வருஷாவருஷம் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பியிருந்தேன். ஆனால் அந்த ஃபைல் எங்கேயோ நகராமல் கிடந்தது. வசூல் பார்க்கிற செக்ஷன் தன்பாட்டுக்கு ஒரு டிமாண்ட் நோட்டீஸ் போட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு விலாசம் மாற்றிக் கொடுத்திருந்தேன். மேலகரத்து வீட்டுத் தபாலெல்லாம் மண்டிக்குத்தான் வரும். நோட்டீஸும் அங்கேயே போனது.

இங்கிலீஷில் இருந்ததால் மாமா அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சத்தமாகவே படித்திருக்கிறார். கடன், தவணை, தவறினால் ஜப்தி என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, சரக்கு எடுக்க வந்திருந்த வியாபாரிகள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவர், மருமகள் சம்பளம் வருகிற வீட்டிலா ஜப்தி என்று சிரித்தாராம்.

அன்று மத்தியானமே மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளிவிட்டு வரும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் பக்கத்தில் கிடந்தது.

"எங்கப்பா காலத்துலருந்து அந்த மண்டில கடன்னு ஒரு காயிதம் வந்தது கிடையாது" என்றார். "இன்னைக்கு வந்துட்டு."

ஃபைல் நகராததால் வந்தது, நான் எழுதினால் சரியாகிவிடும், கட்ட வேண்டியதில்லை என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு ரூல் முக்கியமாகப் படவில்லை. நாலு பேர் முன்னால் படித்ததுதான் முக்கியமாகப் பட்டது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று பஜாரில் பேச்சு இருப்பது அன்றுதான் எனக்கும் தெரிந்தது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஏற்கெனவே நான் வேலைக்குப் போவது பிடிக்காது. விடிவதற்குள் சமையலை முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன். அப்படியும், வீட்டுக்கு மருமகள் வந்தும் கைக்கு உதவி இல்லை என்று அவர்களுக்கு வருத்தம்.

செலான்

இரண்டொரு நாளில் மாமா தாலுகா ஆபீஸுக்குப் போய்க் கேட்டு, மொத்தக் கடனையும் சப்-ட்ரெஷரியில் செலான் போட்டுக் கட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே செலானை எடுத்து நீட்டினார்.

"உங்க அப்பா நெலத்துக்கு இனி ஒரு பயமும் இல்ல. நீயும் அந்த வெயில்லயும் மழையிலயும் போய் நிக்க வேண்டாம். இந்த மாசத்தோட நின்னுக்கோ."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தார். செலானை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பத்து வருஷ வேலையில் கழிய வேண்டியதை ஒரே நாளில் அவர் பணத்தால் தீர்த்துவிட்டார். வேலையில் இருப்பதற்கு நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காரணம் அந்தச் செலானோடு போய்விட்டது.

ராத்திரி சுப்பையாவிடம் பேசினேன். அவர் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகியவர் இல்லை. ஆனால் ஒன்று கேட்டார்: கடன் இல்லாவிட்டாலும் நீ போவாயா? போவேன் என்றேன். ஏழு பிள்ளைகளும் பதினோராம் வகுப்பில் இருந்தார்கள். பாதிப் பாடம் பாக்கி. நான் நின்றால் செக்ஷனை மூடிவிடுவார்கள். அதைவிட, பாடம் நடத்தும் நேரத்தில் நான் நிறைவாக இருக்கிற மாதிரி வேறு எந்த நேரத்திலும் இருந்ததில்லை. கடன்தான் என்னை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று அதுவரை நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை என்று அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மாமாவிடம் போனேன்.

"மாமா, சர்க்கார் கடன் தீர்ந்துட்டு. இப்ப நான் உங்களுக்குக் கடன்."

"எனக்கு என்னத்துக்குக் கடன்? தள்ளுபடின்னு வச்சுக்கோ."

"எங்கப்பா நெலத்தை வச்சுக் கையெழுத்துப் போட்டது நான் சும்மா வாங்கிக்கிடுததுக்கு இல்ல, மாமா. மாசாமாசம் சம்பளத்துல உங்களுக்குக் கட்டுதேன்."

அவர் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்லுவார், அத்தை என்னிடம் சொல்லுவார்கள். நான் காலையில் வழக்கம்போலப் பஸ்ஸுக்குப் போனேன்.

பள்ளியில் எஸ்தர் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு முகம் வாடிவிட்டது. என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமா என்று நேராகவே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டபிறகு அதன்படி நடக்க வேண்டியதாகிவிட்டது.

அதே ரூல்

சம்பள நாள் வந்தது. முதல் தவணையை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போனேன். வீட்டில் வைத்துக் கொடுத்தால் அவர் தொடமாட்டார். அப்படியே மேஜையில் கிடக்கும். பிறகு அத்தை எடுத்து என் பெட்டியிலேயே வைத்துவிடுவார்கள். மண்டியில் கணக்கப்பிள்ளை இருப்பார். வரவு வைத்துத்தான் ஆக வேண்டும்.

நான் உள்ளே போனதும் சரக்கு எடுக்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் மண்டிக்குப் போகிற பழக்கம் இல்லை. மிளகு மூட்டைகளுக்கு நடுவே நடந்து போய் மாமா முன்னால் பணத்தை வைத்தேன். கணக்கப்பிள்ளையைப் பார்த்து, என் கடன் கணக்கில் முதல் தவணை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.  

கணக்கப்பிள்ளை பேனாவைத் திறக்காமல் மாமா முகத்தைப் பார்த்தார். மருமகளிடம் தவணை வசூலிக்கிறார் என்று பேச்சு வந்தால் அது நோட்டீஸைவிட மோசம் என்று மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பணத்தை எடு. வீட்டுல பேசிக்கிடுவோம்" என்றார். அத்தனை நாள் கழித்து அன்றுதான் என்னோடு நேராகப் பேசினார்.

சாயங்காலம் பேசினோம். சுப்பையாவும் இருந்தார். மாமா முதலில் கோபமாக ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் வியாபாரியாக மாறிவிட்டார். உனக்கு என்னதான் வேண்டும், அதைச் சொல் என்றார்.

நான் அதைப் பள்ளியிலிருந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

"நீங்க தள்ளுபடி பண்ணுதேன்னு சொன்னீய. பண்ணுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா சர்க்கார் என்ன ரூல் போட்டுச்சோ அதே ரூல்ல பண்ணுங்க. ஒரு வருஷம் பாடம் நடத்தினா பத்துல ஒரு பங்கு."

 சுப்பையா மெல்ல, "அவ கேக்குதது நியாயமாத்தான இருக்கு" என்றார். அந்த வீட்டில் அப்பா முன்னால் அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில் மாமா ஒப்புக்கொண்டார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். சர்க்காருக்கு அனுப்புவதுபோலவே வருஷக் கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சர்டிபிகேட் எழுதி வாங்கி அவரிடம் கொடுக்க வேண்டும். வேலை பார்த்த நாள் குறைந்தால் அந்த வருஷம் கணக்கில் வராது. சரி என்றேன். எஸ்தர் டீச்சர் அந்த முதல் சர்டிபிகேட்டை லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து, சீல் வைத்து, 'உயர்திரு குற்றாலிங்கம் அவர்களுக்கு' என்று விலாசம் போட்டுக் கொடுத்தார்கள். மாமா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஏழு பேரில் ஆறு பேர் பாஸ். ஒருத்தி இங்கிலீஷில் தவறிவிட்டாள். கணக்கில் எல்லாரும் தேறிவிட்டார்கள். முத்துலட்சுமி வாங்கின மார்க் தாலுகாவிலேயே பெண் பிள்ளைகளில் யாரும் வாங்காதது என்று எஸ்தர் டீச்சர் கமிட்டியில் சொல்லிச் சொல்லி, ஒரு புது போர்டு வாங்கிவிட்டார்கள்.

எனக்கும் மாமாவுக்கும் அதற்கப்புறமும் சண்டை வராமல் இல்லை. மூத்தவள் பிறந்தபோது பிரசவ லீவு மாதங்கள் கணக்கில் வராது என்று வாதாடினார். சர்க்கார் அதையும் சர்வீஸாகத்தான் எடுத்துக்கொள்கிறது என்று நான் சொன்னேன். எழுதிக் காட்டு என்றார். ஆபீஸ் ரூல் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து வாங்கிவந்து காட்டினேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, போனால் போகிறது என்று அந்த வருஷத்தையும் கழித்தார். அத்தைக்கு மட்டும் கடைசி வரை என் வேலை பிடிக்கவில்லை. அதை நான் மாற்ற முடியவில்லை.

ஜாமீன்

ஏழு பேருக்கும் ரிசல்ட் வந்த அந்த விடுமுறையிலேயே முத்துலட்சுமி அழுதுகொண்டு வந்தாள். காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. நான் வாங்கின அதே கடன் ஸ்காலர்ஷிப் அவளுக்கும் சாங்ஷன் ஆகிவிட்டது. ஆனால் அவள் அப்பாவின் டீக்கடை வாடகை இடம். சொந்தமாகச் சொத்து இல்லை. சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் போட்டால்தான் பணம் வரும். அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் போய்க் கேட்டாயிற்று. ஜப்தி என்ற வார்த்தையைப் பார்த்ததும் எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். காலேஜ் சேரக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் ஜாமீன் போட முடியாது. என் பேரில் எதுவும் கிடையாது. அப்பாவைக் கேட்கலாம் என்று ராயகிரிக்குக் கிளம்ப இருந்தேன். சாப்பிடும்போது சுப்பையாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்து இலையில் இருந்தார். அவரிடம் கேட்க எனக்குத் துணிவு இல்லை. கடன் காகிதத்தால் அவர் பட்ட அவமானம் எனக்குத் தெரியும்.

அவராகத்தான் கேட்டார். "இந்தப் பிள்ளைதான் கணக்குல அவ்வளவு மார்க் வாங்குனதா?"

ஆமாம் என்றேன்.  மாமா மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மண்டியைத் திறக்கக் கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டு, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார். தாலுகா ஆபீஸில் முத்துலட்சுமியும் அவள் அப்பாவும் காத்திருந்தார்கள். கிளார்க்குக்கு மாமாவைத் தெரியும். நோட்டீஸ் வந்து செலான் கட்டின கதையும் தெரியும். பாண்டை நீட்டும்போது, "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தானா? பிள்ளை கட்டலைன்னா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க" என்றார்.

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எங்க போடணும், அதைக் காட்டுங்க. இந்தக் கடன் எப்படித் தீரும்னு எனக்குத் தெரியும்."

நிதானமாக, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். டீக்கடைக்காரர் அவர் காலைத் தொடப் போனார். மாமா அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி, ரயிலுக்கு நேரமாகிறது, கடையைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

முத்துலட்சுமி வாத்தியார் வேலைக்குப் போகவில்லை. டெலிபோன் இலாகாவில் சேர்ந்தாள். அதனால் அவளுக்குத் தள்ளுபடி கிடையாது. தவணை தவறாமல் முழுக் கடனையும் கட்டினாள். அவளுக்குப் பின்னால் அடுத்தடுத்த வருஷங்களில் எங்கள் செக்ஷனிலிருந்து போன இன்னும் சில பிள்ளைகளுக்கும் மாமா ஜாமீன் போட்டார். ஒவ்வொரு தடவையும் கணக்கில் என்ன மார்க் என்று மட்டும் கேட்பார்.

இப்போது வேலைக்குச் சேருகிற டீச்சர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். வீட்டில் யாராவது உங்கள் கடனை அடைக்க முன்வந்தால் அவர்களை விரோதியாகப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். அடைக்கட்டும், நன்றி சொல்லுங்கள். அதற்குப் பதிலாக உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அது உங்கள் வேலையை விடுவதாக இருந்தால், முடியாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போய் நில்லுங்கள்.